இரண்டாவது கன்ட்ரோலர்

ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்த ஃபஹத், பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுத்தது ஒரு கார் ரேஸ் வீடியோ கேமைத்தான். கூடவே மனைவி சபாவுக்கென்று புதிதாக ஒரு கன்ட்ரோலர்.

அந்த கேமின் முந்தைய பாகத்தில் டிவித் திரை இரண்டாகப் பிரியும். மேலே அவன் கார், கீழே அவள் கார். கல்யாணமான புதிதில், அவள் முந்தும்போதெல்லாம் முழங்கையால் இடிப்பான். விருத்தாசலத்து வீட்டில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அந்த லீவில்தான்.

பேர்பெற்ற கம்பெனி, வருஷக்கணக்கில் உழைத்துச் செய்ததாம். கண்ணாடியில் வழிகிற மழைகூட நிஜம் போலிருந்தது. ஆனால் இரண்டு பேர் என்று அழுத்தினால், இன்னொருவர் வேறு வீட்டிலிருந்து நெட்டில்தான் வரவேண்டும் என்றது. மழையை அவ்வளவு அழகாகச் செய்த பாவிகள், பக்கத்தில் உட்கார ஓர் ஆளுக்கு இடம் வைக்கவில்லை.

கிளம்பும் நாளில் ஃபஹத் சமாதானம் சொன்னான்: “வுடு சபா. நான் அங்க போயி இதே கேமு ஒண்ணு வாங்கிக்கறேன். டெய்லி சேந்து ஓட்டலாம்.”

“அப்ப நீங்க வூட்டுல இருந்தா ஓட்ட முடியாது. போனாத்தான் முடியும். அப்படித்தானே மச்சான்?”

சபா அந்தப் புதுக் கன்ட்ரோலரை எடுத்து, அவன் பெட்டியில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.