வடைச்சட்டி சாட்சி

என் தம்பி தொம்மை பீடி பிடித்துத்தான் மில் கிடங்கு எரிந்தது என்று ஊரே சொன்னது. நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டால் ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்காததைச் சொல்ல அவர்களுக்கு நாக்குக் கூசவில்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

நான் சவுரியம்மாள். திண்டிவனம் ஸ்டேஷனுக்கு எதிரே வடை சுட்டு விற்றுக்கொண்டிருந்தேன். தொம்மை ஸ்டேஷனை ஒட்டியிருந்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, எண்ணெய் மில்லில் மூட்டை தூக்கினான். கூட சின்னக்கண்ணு. ஒரே தூக்கில் கேப்பைக் கூழ் குடிக்கிற சிநேகம் அவர்களுக்கு. 1938ஆம் வருஷம், தபசு காலம். விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் வாங்கினால் ஈஸ்டர் என்கிற பாஸ்குத் திருநாள் வரை தொம்மை பீடியைத் தொடமாட்டான். வருஷா வருஷம் அவன் செய்கிற ஒறுத்தல் அது. அந்த நாட்களில் அவனோடு குடியிருக்க முடியாது. குழம்பில் ஒரு கல் உப்பு கூடினால் என்மேல் பாய்வான். "தொம்மை தபசுல கீறான், கிட்ட போவாதீங்க" என்று தெருவே கேலி செய்யும். கேலி செய்த அதே வாய்கள்தான் அவன் பீடி பிடித்தான் என்றும் சொல்லின.

நடந்தது இதுதான். கிடங்கில் மல்லாட்டை மூட்டைகளில் வண்டு விழுந்திருந்தது. மேனேஜர் ராஜாமணி மெட்ராஸிலிருந்து டின் டின்னாக ஒரு மருந்து வரவழைத்தார். கார்பன் பைசல்பைடு என்று பெயராம். தண்ணீர் போல இருக்கும், அழுகின முள்ளங்கி போல நாறும். மூட்டை அடுக்கின்மேல் தட்டு வைத்து அதை ஊற்றிக் கித்தானால் மூடிவிட்டால், ஆவி கீழே இறங்கி வண்டைக் கொல்லும். கிட்டே நெருப்பு வரக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். கூலி ஆட்களின் பீடி, தீப்பெட்டி எல்லாவற்றையும் கேட்டிலேயே மடியைத் தடவி வாங்கி வைத்துவிட்டார்கள்.

பாய்லர் இருந்தது வேறு கட்டடத்தில். ஆனால் அதிலிருந்து நீராவி போகிற இரும்புக் குழாய் கிடங்குச் சுவரோரம், தரையை ஒட்டி ஓடியது. காலையில் மருந்து ஊற்ற ஆரம்பித்தபோது குழாய் ஆறிக் கிடந்தது. கப்பலுக்கு எண்ணெய் போகவேண்டும், மில் நிற்கக்கூடாது என்று ராஜாமணி நடுவிலேயே நீராவியைத் திறந்துவிடச் சொல்லிவிட்டார்.

தொம்மை வாசலுக்கு வந்து அவரிடம் சொல்லியிருக்கிறான்.

"ஐயா, கொழா சுடுதுங்க."

"சுட்டா சுடட்டும். கொழாயில நெருப்பா எரியுது? ஜல்தியா ஊத்தி முடிங்கடா."

ஊற்றி முடிப்பதற்குள் கிடங்கு குப்பென்று பற்றிக்கொண்டது. சின்னக்கண்ணு உள்ளேயே போய்விட்டான். அவனை இழுத்து வரப் போன தொம்மைக்கு இரண்டு கையும் முழங்கை வரை வெந்துபோயிற்று. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் போட்டார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரரையும் உட்கார வைத்தார்கள். பீடி பிடித்து ஆளைக் கொன்ற கேஸ் என்றார்கள். கை தேறியதும் ஜெயில்.

ரயிலேறிப் போய்ப் பார்த்தேன். வாழையிலை சுற்றிய கைகளை நெஞ்சுமேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தான். "நா பிடிக்கலக்கா" என்றான். "தெரியும்டா" என்றேன். "செம்பகத்துக்குச் சொல்லு. அது நம்பணும்" என்றான்.

செண்பகம் சின்னக்கண்ணுவின் பெண்டாட்டி. திரும்பி வந்து அவள் வீட்டு வாசலில் நின்றேன். ஒரு வார்த்தை பேசவிடவில்லை. மண்ணை வாரி என்மேல் இறைத்தாள். "ஒரு தம்முக்கு ஆசப்பட்டு என் புருசன எரிச்சிட்டான் உன் தம்பி. மூஞ்சில முழிக்காத" என்றாள். தலையிலிருந்த மண்ணை உதறாமலே வீட்டுக்கு வந்தேன். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. இந்தப் பொய்யை அவள் வாயில் ஊட்டிய ராஜாமணி மேல்தான் கொதித்தது.

விசாரணைக்கு மெட்ராஸிலிருந்து சர்க்கார் கெமிஸ்ட் ஒருவர் வந்தார். கோதண்டபாணி என்று பெயர். சிடுசிடுப்பான மனிதர். போலீஸ் இன்ஸ்பெக்டரும் ராஜாமணியும் மில் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாட்ச்மேன் விரட்டினான். போகவில்லை.

"நெருப்பே இல்லாம, வெறும் சூட்டுலயே பத்திக்கிற திரவம் உண்டு" என்றார் கெமிஸ்ட். "எவ்வளவு சூட்டுலன்னு உங்க சரக்கையே சோதிச்சுப் பார்த்தாத்தான் நான் எழுதமுடியும்."

ராஜாமணி சிரித்தார். "தீக்குச்சி இல்லாம பத்துமா சார்? அப்படின்னா எங்க வீட்டு வெந்நீர் அண்டாவும் பத்தணுமே. ஒளிச்சு வெச்சிருந்து பீடி குடிச்சிருக்கான். இதுக்கு எதுக்கு சோதனை?"

கெமிஸ்ட் தன் பெட்டியைத் திறந்தார். கனமான இரும்புச் சட்டி ஒன்றும் கொஞ்சம் எண்ணெயும் வேண்டும் என்றார். எண்ணெய் மில்லில் சட்டி இல்லையென்று கையை விரித்தார்கள்.

"எஞ்சட்டிய எடுத்துக்கங்க சார்" என்று கேட்டுக்கு வெளியே இருந்து கத்தினேன். "எண்ணெயோட கொண்டாறேன்."

இன்ஸ்பெக்டர் முறைத்தார். கெமிஸ்ட் கேட்டைத் திறக்கச் சொன்னார்.

சட்டியை ரோட்டுக்கு அந்தப் பக்கம் என் அடுப்பிலேயே காயவைத்தோம். காய்ந்ததும் இரண்டு ஆட்கள் கம்பு கொடுத்துத் தூக்கிவந்து மில் எடைக் கொட்டகையில், இருட்டான மூலையில் இறக்கினார்கள். அடுப்பு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. நெருப்பு என்று பெயருக்கும் கிட்டே எதுவும் இருக்கக்கூடாது, எல்லோரும் மடியையும் பையையும் காட்டுங்கள் என்றார் கெமிஸ்ட். காட்டினோம். ராஜாமணியின் கோட்டுப் பையிலிருந்து சிகரெட் டப்பாவும் தீப்பெட்டியும் வந்தன. கூலிக்காரனின் மடியைத் தடவிய கேட்டில் அவர் பையைத் தடவ ஆளில்லை போலும். நான் காறித் துப்பினேன்.

எண்ணெயில் ஒரு கண்ணாடிக் குடுவையைக் கழுத்தளவு அமிழ்த்தினார். பக்கத்திலேயே சூடு பார்க்கிற கருவியை விட்டார். எங்களை எட்ட நிற்கச் சொல்லிவிட்டு, மிச்சமிருந்த ஒரு டின்னிலிருந்து நீளக் குழலால் அந்த மருந்தில் சில சொட்டு குடுவைக்குள் விட்டார். பக்கென்று நீலமாக எரிந்து அடங்கியது. தீக்குச்சி வாடை மூக்கைப் பொசுக்கியது.

"எண்ணெய் ரொம்பக் காஞ்சிருக்கு" என்றார் ராஜாமணி.

"ஆறட்டும்" என்றார் கெமிஸ்ட்.

ஆறவிட்டார். குடுவைக்குள் காற்று ஊதிப் புகையைப் போக்கிவிட்டு மறுபடி சொட்டு விட்டார். மறுபடி நீலம். இன்னும் ஆறவிட்டார். எண்ணெயில் புகை நின்று போயிற்று, சலசலப்பு நின்று போயிற்று. அப்போதும் எரிந்தது, கொஞ்சம் யோசித்துவிட்டு எரிந்தது. நான் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சூட்டில் மாவைப் போட்டால் அடியில் கிடந்து எண்ணெயைக் குடிக்கும், வேகாது. ஒரு வடை வேகாத சூடு சின்னக்கண்ணுவை எரித்திருக்கிறது.

கடைசியில் எரியாமல் நின்றது. கெமிஸ்ட் கருவியைப் பார்த்தார். "தண்ணி கொதிக்கிற சூடு இதுக்குப் போதும்" என்றார். பிறகு பாய்லரை மூட்டச் சொல்லி, கிடங்கில் மிச்சமிருந்த குழாயில் கருவியைத் துணியால் கட்டிப் பார்த்தார். கொதிக்கிற தண்ணீரைவிட அதிகமாகவே சுட்டது.

கேட்டுக்கு வெளியே கூட்டம் கூடியிருந்தது. அதில் செண்பகமும் நின்றாள். கம்பி வழியே எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

தொம்மைமேல் கேஸ் இல்லை என்றார் இன்ஸ்பெக்டர். நான் போகாமல் நின்றேன்.

"அப்போ கொழாயத் தெறக்கச் சொன்னவர் மேல கேஸுங்களா?"

"அது எப்படிம்மா? அவருக்குத் தெரியாது. வேணும்னு செய்யல. இது விபத்து."

"கொழா சுடுதுன்னு எந்தம்பி சொன்னானே."

"சுடுதுன்னு சொன்னான். பத்தும்னு சொன்னானா?"

கெமிஸ்ட் கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. ராஜாமணி தன் சிகரெட் டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பீடியால் பற்றியிருந்தால் கொலை. குழாயால் பற்றியதால் விபத்து. செத்தது ஒரே சின்னக்கண்ணுதான். ஒரு கிடங்கு எரிவதற்கு இவர்களிடம் இரண்டு சட்டம் இருந்தது. சட்டியிலிருந்த எண்ணெயை அந்த முற்றத்திலேயே கவிழ்த்துவிட்டு வந்தேன். அதில் இனி வடை சுட என்னால் ஆகாது.

பாஸ்குத் திருநாளுக்கு முந்தின நாள் தொம்மையை விழுப்புரத்திலிருந்து அழைத்து வந்தேன். மறுநாள் பூசை முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம் என்றான். "இரு" என்று சொல்லிக் கடையில் ஒரு கட்டு பீடியும் தீப்பெட்டியும் வாங்கினேன். மில் கேட்டுக்கு நேர் எதிரே அவனை நிறுத்தினேன். உள்ளே ஆபீஸ் ஜன்னலில் ராஜாமணி தெரிந்தார்.

தபசு முடிந்துவிட்டது. ஆனால் தொம்மையின் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. பீடியை நான் அவன் உதட்டில் வைத்தேன். தீக்குச்சியைக் கிழித்தேன். இரண்டு குச்சி காற்றில் அணைந்துபோயின.

பின்னாலிருந்து ஒரு கை தீப்பெட்டியை வாங்கியது. செண்பகம். வெறும் நெற்றியோடு நின்றாள். குச்சியைக் கிழித்து, காற்றுக்கு மறைத்து, தொம்மையின் பீடியில் வைத்தாள்.

"நல்லா இழு" என்றாள். "அந்த ஆள் பாக்கட்டும்."