நீச்சல் தெரியாதவன்

பெரியண்ணன் அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தார். மகள் எழில்மதி எழுதி, அச்சுக்குப் போகவிருந்த புத்தகம். நீச்சல் மனிதர்களுக்கு என்னவாக இருக்கிறது என்று ஊர் ஊராகக் கேட்டு எழுதியிருந்தாள். நாற்பது வயதில் கிணற்றில் இறங்கிக் கற்ற நர்ஸ், புயல் வெள்ளத்தில் மாட்டின் வாலைப் பிடித்துக் கரையேறியவர் என்று பலர் வந்தார்கள். அதிலெல்லாம் அவருக்கு ஆட்சேபம் இல்லை. எழுபத்து மூன்றாம் பக்கத்தில்தான் கண் நின்றது. ‘என் அண்ணன் நெடுமாறன் மீன் மாதிரி நீந்துவான்.’

நெடுமாறன் வெள்ளாற்றில் இறந்து ஒன்பது வருஷம். மெர்லின் என்ற கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றவனிடம், “அவ கழுத்துல தாலி கட்டுறதுக்கு முன்னாடி எனக்குக் கொள்ளி வெச்சுட்டுப் போ” என்றார் பெரியண்ணன். நான்காம் நாள் அவன் ஷூவைக்கூடக் கழற்றாமல் ஆற்றில் இறங்கிவிட்டான். உடலைக் கொண்டுவந்தபோது, “பையனுக்கு நீச்சல் தெரியாதா?” என்று யாரோ கேட்டார்கள். “தெரியாது” என்றார். அந்த ஒரு சொல்லில் குடும்பத்தின் மானம் நின்றது. கால் வழுக்கி விழுந்தவனுக்காக ஊர் அழுதது. தானாக இறங்கினான் என்று தெரிந்திருந்தால் காரணம் கேட்டிருக்கும். மனைவி சின்னம்மாளும் அதையே சொல்லப் பழகினாள்.

கையகல நிலமில்லாத குடும்பத்திலிருந்து வந்து சுரங்கத்தில் பெர்மனெண்ட் ஆனவர் அவர். சம்பாதித்ததில் பெரிது பெயர்தான்.

“இந்த வரிய மாத்தும்மா.”

“எப்படிப்பா மாத்துறது?”

“நீச்சல் தெரியாதுன்னு எழுது. நாம சொல்லிக்கினு இருக்கறதுதானே?”

“நீச்சலப் பத்தின புத்தகத்துலயே பொய்யா?”

“நாளைக்கு உன்னைப் பொண்ணு கேட்டு வர்றவன், இந்த வூட்டுப் புள்ள ஏன் ஆத்துல எறங்குச்சுன்னு கேப்பான். என்ன சொல்லுவே?”

“முப்பத்திரண்டு வருஷம் மைன்ஸ்ல பம்ப் வெச்சுத் தண்ணி எறைச்சீங்க. வூட்டுக்குள்ள நிக்கற தண்ணிய மட்டும் எறைக்க மாட்டேங்கிறீங்களே.”

“வார்த்தைய அளந்து பேசு.”

புத்தகம் வந்தபோது அந்த வரி, ‘என் அண்ணன் நெடுமாறனுக்கு நீச்சல் தெரியாது’ என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, சுரங்க நகரிய நூலகத்தில் வெளியீட்டு விழா. பேச்சுகள் முடிந்து வாசகர்கள் பேசலாம் என்றதும், முன்வழுக்கை விழுந்த ஒருவர் எழுந்தார்.

“எம் பேரு சேவியர்ராஜ். நெல்லிக்குப்பத்துலேந்து வர்றேன். எழுபத்து மூணாம் பக்கத்துல ஒரு தப்பு இருக்குதுங்க. நெடுமாறன் எங்கூட பாலிடெக்னிக்ல படிச்சவன். ஏரியில நான் முழுகினப்ப முடியப் புடிச்சு இழுத்துக் கரை சேத்ததே அவன்தான். அவன் இழுத்த இழுப்புலதான் உனக்கு முன்வழுக்கைன்னு எம் பொண்டாட்டி இன்னும் கேலி பண்றா.”

கூடம் சிரித்தது. மேடையில் இருந்த எழில்மதி சிரிக்கவில்லை. முன்வரிசையில் அம்மா பக்கத்தில் இருந்த அப்பாவைப் பார்த்தாள். அவள் பார்வை போன பக்கமே கூடமும் திரும்பியது.

பெரியண்ணன் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

“தம்பி, உங்களுக்கு ஆள் மாறிப்போச்சு. எம் புள்ளைக்கு நீச்சல் தெரியாது.”

“ஐயா, இடது புருவத்துல தழும்பு இருக்குமே, அந்த நெடுமாறன்...”

“தெரியாதுன்னா தெரியாது.”

சேவியர்ராஜ் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார், பெரியண்ணனைப் பார்த்தார். “மன்னிச்சுக்குங்க ஐயா” என்று மெல்லச் சொல்லிவிட்டு வெளியே போனார். பெரியண்ணன் முதுகு வளையாமல் உட்கார்ந்தார். யாரோ நன்றியுரையைத் தொடங்கினார்கள். அப்போதுதான் பக்கத்து நாற்காலி காலியாக இருப்பதைக் கவனித்தார்.

சின்னம்மாள் சைக்கிள் ஸ்டாண்டில் இருந்தாள். எதிரே சேவியர்ராஜ், வெயிலில் இரண்டு கைகளையும் மாற்றி மாற்றி முன்னே வீசிக்கொண்டிருந்தார். இடையிடையே தலையை ஒரு பக்கம் சாய்த்து மூச்சு வாங்கிக் காட்டினார். பஸ்ஸுக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

“அவன் நீந்தி நான் பாத்ததே இல்லப்பா” என்றாள் சின்னம்மாள். “இன்னொரு தரம் காட்டு.”

அவர் மறுபடியும் கைகளை வீசினார்.

பெரியண்ணன் ஸ்கூட்டரை எடுத்து வந்து அவர்களுக்கு ஐந்தடி தள்ளி நிறுத்தினார். “போவலாம் வா” என்றார். சின்னம்மாள் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டார். அவள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.