காய்ச்சல் நின்ற பிறகு

குணசீலன் மனைவியின் துணிகளைக் கட்டைப்பையில் திணித்துக்கொண்டிருந்தான். "காய்ச்சல் உட்டுப் போச்சுங்கத்தை. இன்னும் என்னத்துக்கு ஆசுபத்திரியில? எங்கம்மா வேற கேட்டுக்கிட்டே இருக்குது. டைபாய்டுன்னே எத்தன நாளைக்குச் சொல்றது?"

மாமியார் பழனியம்மாள் கட்டைப்பையின் காதைப் பிடித்து நிறுத்தினாள். மகள் கோகிலவாணிக்குப் பிறவியிலேயே இதயத்தில் கோளாறு. சின்ன வயதில் ஆபரேஷன் செய்து வால்வு வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் இவனிடம் சொல்லித்தான் கட்டிக்கொடுத்தாள். தன் அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்று மறைத்தவன் இவன். போன மாதம் கோகிலவாணிக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கப் போன இடத்திலும் இவன் அம்மா கூடவே உட்கார்ந்திருந்தாளாம். அதனால் வால்வைப் பற்றிப் பேசவே கூடாது என்று மகளுக்குக் கண்ஜாடை காட்டினானாம். சொல்லியிருந்தால் பல் டாக்டர் முன்கூட்டியே மாத்திரை கொடுத்திருப்பார். வாயில் கிடந்த கிருமி ரத்தத்தோடு போய் வால்வில் குடியேறிவிட்டது. ஆறு வாரம் ஊசி மருந்து ஏற்றியே ஆக வேண்டும் என்றார்கள். இன்னும் பாதிகூட ஆகவில்லை.

"டாக்டரு சொன்னது காதுல உழுவலீங்களா?"

"அவிங்க அப்பிடித்தான் சொல்லுவாங்க. நாலு நாள் ஊட்டுல படுத்தாச் செரியாப் போயிரும்."

மோகனூர் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் தண்ணீரில் மருந்து கலக்குகிறவள் பழனியம்மாள். சீக்குக் கோழிகள் தீவனம் கொத்த ஆரம்பித்துவிட்டனவே என்று ஒருமுறை மருந்தைப் பாதியில் நிறுத்தினாள். அந்த வாரமே ஷெட்டு முழுக்க மறுபடி சுருண்டு விழுந்தன. மேனேஜர் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

"முட்டைக் கோழிக்குக்கூட மருந்தப் பாதியில நிறுத்துனா மேனேசரு செருப்பக் கழட்டுவாருங்க. எம்புள்ள கோழியவிடக் கேவலமாப் போயிட்டாளா? அம்மாவப் பாத்தா அவ்வளவு பயம்னா, நீங்க போயி அவங்க முந்தானைக்குள்ள ஒளிஞ்சுக்கங்க மாப்ள!" இவ்வளவு ஆத்திரத்திலும் நாக்கு 'ங்க'வை விடமாட்டேன் என்கிறது. அதுவே அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

பக்கத்துக் கட்டில்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குணசீலன் முகம் கறுத்தது. கட்டிலில் கிடந்த மனைவியிடம் திரும்பினான். "ஏம்புள்ள, எந்திரி. போலாம்."

மருந்துத் தட்டோடு நர்ஸ் வந்து நின்றாள். "போறீங்களா, மருந்து ஏத்தட்டுமா? சீக்கிரம் சொல்லுங்க."

கோகிலவாணி வளையல்களை மேலே தள்ளிவிட்டு, குத்திக் குத்திக் கன்றிப்போன கையை நர்ஸிடம் நீட்டினாள். அந்த நேரம் பார்த்துக் குணசீலனின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவன் முகம் வெளிறியது. அம்மா.

கோகிலவாணி மற்றொரு கையை அவனிடம் நீட்டினாள். "குடுங்க. உங்கம்மாகிட்ட நானே சொல்றேன்."

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கத் தொடங்கியது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. நீட்டிய கையை அவள் மடக்கவில்லை.