அஞ்சில் நாலு

1

இந்தக் கதையை ஆலங்காயம் பேருந்தில் பொறுக்கினேன். "அந்தப் பொண்ணு நாலு பாடம் பாஸாம். ஒண்ணுதான் போச்சாம். அதுக்குப் போய் வூட்டுக்கு அனுப்பிட்டாங்களாம்" என்று முன் இருக்கையில் யாரோ சொன்னார்கள். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மீதி என் சரக்கு.

முதல் தொடக்கம்: '1982. ஜவ்வாது மலைமேல் விண்மீன்கள் கொட்டிக் கிடந்த ஓர்'

(வேண்டாம். விண்மீனில் தொடங்கினால் கதை அழகாகிவிடும். இது அழகான கதை இல்லை.)

2

அம்சவல்லி மலைக்காரி. சென்னையில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவி. ஊருக்கு மேலே குன்றில் இருக்கும் பெரிய தொலைநோக்கியில் நட்சத்திரங்களை ஆராய வேண்டும், அது ஒன்றுதான் அவள் ஆசை. அதற்கு முன் இயக்கவியல், மின்காந்தவியல், குவாண்டம், வெப்பவியல், திடப்பொருள் என்று ஐந்து பாடத் தேர்வுகளையும் தாண்டியாக வேண்டும்.

"நட்சத்திரம் பாக்கறதுக்குத் திடப்பொருள் எதுக்கு சார்?"

"படிப்புல அகலம் வேணும்மா" என்றார் பேராசிரியர். நியாயம்தான். அவர்மேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லை.

திடப்பொருளில் இரண்டாம் முறையும் தோற்றாள். மூன்றாம் முறை கிடையாது, படிப்பே போயிற்று.

[இங்கே அவள் அழுவதாக எழுதி அடித்துவிட்டேன். ஊர் திரும்பும் பேருந்தில் நன்றாகத் தூங்கினாள்.]

3

அப்பா சின்னதம்பி மலைச்சரிவில் ஒரே கொல்லையில் சாமை, துவரை, மொச்சை, கடுகு எல்லாம் கலந்து விதைக்கிறவர்.

"அஞ்சுல நாலு வந்துச்சா?"

"வந்துச்சு நைனா. ஆனா..."

"பின்ன இன்னா கண்ணு? சாமை போனா மொச்சை நிக்குது. எந்த வருசம் நமக்கு எல்லாம் வெளைஞ்சிச்சு? அம்மனுக்குக் கடா வெட்டிடலாம்!"

ஒன்று பொய்த்தால் அத்தனையும் பொய்க்கிற கொல்லை அவருக்குத் தெரியாது. அவள் வாயெடுப்பதற்குள் ஊரைக் கூப்பிடப் போய்விட்டார்.

(இந்தக் கொல்லை எனக்கே கொஞ்சம் வசதியாகப் படுகிறது. எடுத்துவிடலாம். எடுத்தால் கடா வராது.)

4

முடிவு ஒன்று: சொல்லிவிடுகிறாள். சின்னதம்பியின் முகம்

(எழுத முடியவில்லை.)

முடிவு இரண்டு: சொல்லாமல் கறிச்சோறு தின்கிறாள். இல்லாத படிப்புக்குப் பேருந்து ஏறுகிறாள். இது சுலபமாகவே எழுத வந்தது. அதனால்தான் பயமாக இருக்கிறது.

இப்போது ஊரே கோயில் முன் நிற்கிறது. கடாவின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றியாயிற்று. அது உடம்பைச் சிலிர்த்தால் அம்மன் ஒப்புக்கொண்டாள் என்று பொருள், பிறகு அரிவாள்தான். சின்னதம்பி மகளைப் பார்த்துச் சிரிக்கிறார்.

"நைனா" என்கிறாள் அம்சவல்லி.

அடுத்த வாக்கியம் என்னிடம் இல்லை. உங்களிடம் இருந்தால் சீக்கிரம் சொல்லுங்கள். கடா இன்னும் சிலிர்க்கவில்லை.