இரண்டு வாசல் கோயில்

"முகப்புல எதுக்கு ரெண்டு வாசல்?" என்று அன்றைக்குக் கேட்டாள் சவரியாயி.

"காத்துக்குத்தான். ஒத்த வாசல் வச்சா திருவிழாக் கூட்டத்துல மூச்சு முட்டிப்போகும்." முற்றத்து மணலில் குச்சியால் புதுக் கோயிலை வரைந்துகொண்டிருந்தான் ராயப்பன்.

"உள்ள?"

"உள்ள ஒரே கூடம். நீ உங்க ஆத்தா தோளை இடிச்சுக்கிட்டு உக்காரலாம், போதுமா?"

"போதும். பீடத்தைக் கொஞ்சம் நேரா வரைங்க. மாதா சாஞ்சுல்ல நிக்கிறாக!"

சிரித்தாளே தவிர, கண் நிறைந்துவிட்டது. நிறையாமல் என்ன செய்யும்? காரைக்குடிக்கு ரயில் வராத காலம் அது. சாக்கோட்டைப் பக்கத்து அந்தச் சின்ன ஊரில் வேதக்காரக் கிறிஸ்தவர்கள் எல்லாருக்கும் மாதா ஒருத்திதான். ஆனாலும் பழைய கூரைக் கோயிலில் வடக்குத் தெரு உள்ளே முழங்கால் போடும்; தெற்குத் தெரு வெளியே பந்தலில் நிற்கும். தெற்குத் தெருப் பெண் சவரியாயியை வடக்குத் தெருக் கொத்தனார் ராயப்பன் விரும்பிக் கட்டினான். பங்குச் சாமியாரே முன்னால் நின்று நடத்தி வைத்ததால் வடக்குத் தெரு வாயை மூடிக்கொண்டது. ஆனால் ஒரு கட்டுப்பாடு போட்டது: அவளும் சரி, அவனும் சரி, அவள் தாய்வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது, அங்கே கை நனைக்கவும் கூடாது.

ஒரே ஒரு தடவை ஆத்தா வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லி அவனிடம் கேட்க எத்தனையோ முறை வாயெடுத்திருக்கிறாள். தனக்காகச் சொந்தபந்தத்தோடு மல்லுக்கு நின்றவனிடம் இன்னும் என்ன கேட்பது என்று விழுங்கிவிடுவாள். இப்போதுதான் கோயில் வருகிறதே.

கோயில் எழும்பியது. செட்டிமார் வீடுகளில் சுவரைக் கண்ணாடியாகத் தேய்த்துப் பழகிய கை ராயப்பனுடையது. கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு வேண்டும் என்றதும் தெற்குத் தெருவிலிருந்து கூடை கூடையாக வந்தது.

"ஏண்டி, எங் கோழியெல்லாம் ஒங் கொத்தனாருக்குத்தான் முட்டை போடுது," என்றாள் ஊருணிக்கரையில் எதிர்ப்பட்ட ஆத்தா அருளாயி. "கோயில்ல ஒம் பக்கத்துல எனக்கு எடம் போட்டு வை."

"நீ நேரத்தோட வா. ஒனக்குக் குளிச்சு முடிக்கவே உச்சிப்பொழுது ஆயிரும்."

சாரம் பிரிக்கும்வரை பொம்பளைகள் உள்ளே வரக்கூடாது, தலையில் ஏதாவது விழும் என்று ராயப்பன் சொல்லியிருந்தான். சாமியார் கோயிலை மந்திரித்துத் திறக்கும் நாளுக்கு முந்திய சாயங்காலம், விளக்குத் துடைக்க அவள் உள்ளே போனாள்.

பீடத்தடியில் தொடங்கி, இரண்டு வாசலுக்கும் நடுவில் வந்து முடிந்தது ஒரு சுவர். மார்பளவு உயரம். கோயிலிலேயே அதுதான் அதிகமாகப் பளபளத்தது. அதில் அவள் முகம் தெரிந்தது.

"என்னங்க இது?"

பின்னால் வந்து நின்ற ராயப்பன் கொத்துக்கரண்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "போன வாரந்தான் வடக்குத் தெருப் பெரியாளுக வந்து நின்னுக்கிட்டாக. சுவரு இல்லாட்டி மந்திரிப்பே இல்லைன்னுட்டாக. அவசரமா எழுப்புனேன்."

சவரியாயி குனிந்தாள். கொத்தனார் பெண்டாட்டி அல்லவா? தரையில் ஆத்தங்குடிக் கல் பதித்தது போன மாதம். போன வாரச் சுவரென்றால் அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். இங்கே கல் சுவருக்கு அடியில் போகவே இல்லை. சுவரோரம் வந்து, பூக்கரை கட்டி, அழகாக முடிந்திருந்தது. எட்டிப் பார்த்தாள். அந்தப் பக்கமும் அப்படியே; சுவர் கல்லுக்கும் கீழே தரைக்குள் இறங்கியிருந்தது.

"கடைக்கால் தோண்டுனப்பவே இதுக்கும் தோண்டிட்டீக."

அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"மணல்ல வரைஞ்சப்பவே ஒங்களுக்குத் தெரியும்."

"மாட்டேன்னா வேற கொத்தனை வச்சிருப்பாக, சவரி. யாரு கட்டுனாலும் இந்தச் சுவரு வந்துருக்கும்."

"வந்துருக்கட்டும். வேற ஒருத்தன் கட்டியிருந்தா ஒங்க தோள்ல சாஞ்சு அழுதிருப்பேன். இப்ப நான் யாரு தோள்ல சாய?"

வெளியே தெற்குத் தெருப் பிள்ளைகள் தோரணம் கட்டிக்கொண்டு கூச்சல் போட்டார்கள். ராயப்பன் சுவரில் கை வைத்தான். "இடிச்சுரவா?"

"வேணாம். வேற ஒருத்தன் வந்து கட்டுவான்."

"பின்ன நான் என்னதான் செய்ய? நீயே சொல்லு."

இத்தனை வருடம் விழுங்கியது இப்போது தொண்டையில் நிற்கவில்லை.

"என்னை இப்பவே எங்க ஆத்தா வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. நீங்களும் அங்க உக்காந்து ஒரு வாய் சாப்பிடுங்க. காலையில எங்களோட தெக்கு வாசல் வழியா உள்ள வாங்க."