பத்தொன்பது இடங்களில் அன்பு

…கோபம் இல்லை, கோபமென்றால் தாடை இறுகியிருக்கும், இந்த மனுஷனுக்குத் தாடை தளர்ந்துதான் கிடக்கிறது, வெறுப்பும் கிடையாது, வெறுப்பு வந்தால் உதட்டின் ஒரு ஓரம் மட்டும் மேலே ஏறும், அப்புறம் என்ன, அன்புதான், சந்தேகமே வேண்டாம் என்று காணொளியை மறுபடியும் பத்து நொடி பின்னால் தள்ளினாள். திரையில் இரண்டு கட்டங்கள், இடதில் மனைவி, வலதில் கணவன். மனைவி கேட்கிறாள், அவன் தலையைக் குனிந்து இடது காது மடலை இரண்டு விரலால் பிடித்து இழுக்கிறான். இதோ, இந்த இடம். இங்கே அவள் அன்பு என்று அழுத்தியிருந்தாள். பக்கத்து அறையில் உட்கார்ந்து இதே காணொளியைப் பார்த்த தராசு, கூட வேலை பார்க்கிற பெண், விலகல் என்று அழுத்தியிருக்கிறாள். ஒரு இடம் இரண்டு இடம் இல்லை, பத்தொன்பது இடங்களில்! ஒரே ஆள், ஒரே காது, ஒருத்திக்கு அன்பு, இன்னொருத்திக்கு விலகல்… ஒருத்திக்குக் கண் கெட்டிருக்க வேண்டும், அது நிச்சயம் தனக்கில்லை.

ஏழு மாதமாக இதுதான் வேலை. தம்பதிகளை ஒரு அறையில் உட்காரவைத்து, வீட்டில் எதற்காக அதிகம் சண்டை வருகிறதோ அதைப் பற்றியே பதினைந்து நிமிஷம் பேசச் சொல்லிப் படம் பிடிப்பார்கள், ஆராய்ச்சி மேடத்தின் யோசனை அது. அந்த முகங்களில் நொடிக்கு நொடி என்ன ஓடுகிறது என்று பார்த்து இவர்கள் குறிக்க வேண்டும். விசைப்பலகையில் ஏழு பொத்தான்கள், ஏழு உணர்ச்சிகள், ஒரு நொடிக்கு ஒரு பொத்தான்தான். சேர்ந்த முதல் நாளே மேடம் சொன்னார், "கண்ணு பாக்கறதுக்கு முன்னாடி மனசு பாத்துடும்மா. பசியோட இருக்கறவ பாத்தா எல்லாரும் சிடுசிடுன்னு இருக்கற மாதிரி தெரியும். அதனாலதான் ஒரே படத்துக்கு ரெண்டு பேரைப் போடறேன்." அப்போது பெரிதாகத் தலையாட்டினாள். இன்று காலை அதே மேடம் கூப்பிட்டு, "போன மாசத்துலேருந்து மத்தவங்களோட உங்க குறி பொருந்தற கணக்கு இறங்கிக்கிட்டே வருது, சாப்பாட்டு நேரத்துக்குள்ள இதை மறுபடி பாருங்க, அப்பவும் பொருந்தலன்னா டெலிபோன் மேஜைக்கு மாத்தறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல" என்று சொல்லிவிட்டார். டெலிபோன் மேஜை! நாளெல்லாம் ஊரார் வீட்டுக்குப் போன் போட்டு, சார், உங்க சண்டையைப் படம் பிடிக்கலாமா என்று கெஞ்சுகிற வேலை. முகம் பார்க்கிற வேலையை விட்டால் தனக்கு வேறென்ன தெரியும்…

திரையில் அந்த மனைவி, "சொன்ன நேரத்துக்கு ஒரு நாளாவது வந்திருக்கீங்களா? ஏன் எதுவும் சொல்ல மாட்டேங்கறீங்க?" என்கிறாள். காது இழுபடுகிறது. இதைப் போய் விலகல் என்கிறாளே, விலகுகிற ஆள் கதவைப் பார்ப்பான், கைக்கடிகாரத்தைப் பார்ப்பான், இவன் தரையை அல்லவா பார்க்கிறான். தன் வீட்டுக்காரர் இப்படித்தான், இவள் கத்த ஆரம்பித்தால் கை நேராகக் காதுக்குப் போய்விடும், பதினோரு வருஷத்தில் அந்தக் காது ஒரு அங்குலமாவது நீண்டிருக்கும். இன்று காலையிலும் இழுத்தார். மகள் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம், வருகிறேன் என்று ஒத்துக்கொண்டவர், யாரோ லீவு கேட்டான் என்று அவன் வேலையையும் தன் தலையில் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார். ஊரில் உள்ள லிஃப்ட் எல்லாம் இவர் ஒருத்தரை நம்பித்தான் ஏறி இறங்குகிறதா? கேட்டாள், நன்றாகவே கேட்டாள். அவர் ஸ்பேனர் பையைத் திறந்தார், மூடினார், காதைப் பிடித்தார். சரி, இந்த மனுஷனுக்குள் பாசம் பொங்குகிறது, சொல்லத்தான் வாய் வரவில்லை என்று பெருந்தன்மையாக மன்னித்துவிட்டுக் கிளம்பினாள்… அப்படித்தானே நினைத்தாள்? யார் சொன்னார்கள் பாசம் என்று?

தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் தராசு நின்றுகொண்டிருந்தாள். எதையும் நிறுத்துப் பார்க்காமல் பேசமாட்டாள் என்று இவள்தான் அந்தப் பெயரை வைத்தாள். காணொளியைப் பற்றிப் பேசிக்கொள்ளக் கூடாது என்பது விதி, அதனால் இருவரும் குழாயைப் பார்த்தபடியே பேசினார்கள். "அக்கா, அந்த ஆளுக்கு நீங்க வக்கீலா? அவர் பொண்டாட்டியே அவரைக் கேள்வி கேக்கும்போது நீங்க எதுக்குக் கொடி பிடிக்கறீங்க?" "உனக்குக் கல்யாணம் ஆகட்டும்டி, அப்புறம் தெரியும்." "எங்கப்பா அப்படித்தான்க்கா உக்காருவார். ஒரு நாள் எழுந்து போனார். மூணு வருஷம் வரல." குவளை நிரம்பி வழிந்தது, குழாயை மூட இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. இவ்வளவு நாளாகப் பக்கத்தில் இருந்தும் இது தெரியாமல் போயிற்றே… அப்படியானால் தராசு திரையில் பார்ப்பது தன் அப்பாவை, நான் பார்ப்பது என் வீட்டுக்காரரை, பாவம், அந்தக் காதுக்காரனை யார்தான் பார்த்தார்கள்?

மாடிப்படியில் நின்று வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். எடுத்தவுடனே, "என்னம்மா, பாப்பாவுக்கு ஏதாவது?" என்றார். "ஒண்ணுமில்லீங்க. நான் கத்தும்போது காதைப் புடிச்சுக்கறீங்களே, அப்ப மனசுல என்ன ஓடும்?" அந்தப் பக்கம் டங் டங் என்று இரும்பைத் தட்டுகிற சத்தம். "இதை இப்பவா கேப்ப? மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல ஒருத்தர் மாட்டிக்கிட்டு என்னைத் திட்டிக்கிட்டிருக்கார். இரு, இரு, வெச்சுடாத." வைக்கவில்லை. யாரோ உள்ளிருந்து ஏதோ கத்துவதும், இவர் "ஆச்சு சார், ஆச்சு, மூச்சை நல்லா விடுங்க" என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்வதும் கேட்டது. எவ்வளவு இதமாகச் சொல்கிறார், யாரென்றே தெரியாத ஒருவருக்கு… கதவு திறக்கிற சத்தம். பிறகு பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "பயமா இருக்கும்மா" என்றார். "என்ன பயம்? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?" "கத்தறது பரவாயில்ல, பழகிடுச்சு. என்னத்தையாவது தப்பாச் சொல்லி, நீ கத்தறதையும் நிறுத்திட்டேன்னா… அதான் வாயத் தொறக்கறதில்ல. சாப்ட்டியா?" பயமாம். முகம் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் வீட்டில் பதினோரு வருஷமாக ஒரு பயம் காதைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. அன்பில்லை, விலகலுமில்லை… அன்பில்லையா? அதுவும் எப்படிச் சொல்ல முடியும்?

மேஜை இழுப்பறையில் ஒரு படிவம் உண்டு. படத்தில் வருகிறவர் உறவோ பழக்கமோ என்றால் அதை எழுதிக் கொடுத்துவிட்டு அந்தப் படத்திலிருந்து விலகிக்கொள்ள வேண்டும். எப்படித் தெரியும் என்ற இடத்தில் அவள், 'இவரை எனக்குத் தெரியாது, ஆனால் என் கணவர் இப்படித்தான் உட்காருவார்' என்று எழுதினாள், அடிக்கப் பார்த்தாள், அடிக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தாள். டெலிபோன் மேஜையோ என்னவோ, வருகிறது வரட்டும். மேடம் இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த ஒரு படம் மட்டும்தானா?" "தெரியல மேடம்." "இதுவரைக்கும் அறுபத்திரண்டு படம் குறிச்சிருக்கீங்க. எல்லாத்தையும் ஒரு தரம் பாருங்க. எத்தனைக்கு இந்தப் படிவம் வேணும்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க. அப்புறம் மத்ததைப் பேசுவோம்."

முதல் படத்தைப் போட்டாள். வழுக்கைத் தலையர் ஒருவர், கைகளை முழங்கால்களுக்கு நடுவே செருகிக்கொண்டு பேசாமல் இருக்கிறார், இவள் வீட்டுக்காரரின் சாயல் துளியும் கிடையாது, அங்கேயும் வரிசையாக அன்பு போட்டு வைத்திருக்கிறாள். அடுத்ததில் கண்ணாடி போட்டவர், அவருக்கும் தாராளமாக. அப்போதுதான் இடது கட்டம் கண்ணில் பட்டது, மனைவி இருக்கிற பக்கம். ஏன் பேச மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்கிறாள், அவர் உதடு பிரிகிறது, அதற்குள் அவளே அடுத்த கேள்வியைப் போட்டுவிடுகிறாள், உதடு மூடிக்கொள்கிறது. பழக்கதோஷத்தில் எண்ணினாள். ஒரு கேள்விக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு நொடி கூட இல்லை. திரும்பிப் போய் எண்ணினால் வழுக்கைத் தலையருக்கு ஒன்றரை. காதுக்காரருக்கு ஒன்று. போனில் தான் எத்தனை நொடி காத்திருந்தோம், லிஃப்ட் கதவு திறக்கும்வரை, இரண்டு நிமிஷம் இருக்குமா, அவர் வைக்காதே என்று சொன்னதால்தானே… சொல்லாமல் இருந்திருந்தால்? வீட்டில், சமையலறைக்கும் வாசலுக்கும் நடுவில், எத்தனை நொடி விட்டிருப்போம், ஒன்றா, ஒன்றரையா, அதை எண்ணிச் சொல்ல ஒரு படம்கூட இல்லையே…