சட்டையோடு வந்த தூசி

சுகாதார நிலையத்து நர்ஸ் மூன்றாவது முறையாகப் போன் செய்தபோது தையல்காரி ஒரு காலரைத் திருப்பிக்கொண்டிருந்தாள். வாயில் இரண்டு குண்டூசி. அவற்றை எடுத்துவிட்டுத்தான் பேச வேண்டியிருந்தது.

"பிள்ளை நல்லாத்தான் இருக்கா சிஸ்டர். காய்ச்சல் இல்ல, சளி இல்ல. ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கிறா, அவ்வளவுதான்."

"நல்லா இருக்கும்போதுதாம்மா பார்க்கணும். அரசுக் காப்பீட்டு அட்டையில இருக்கிற எல்லாக் குழந்தைக்கும் ரெண்டு வயசுல ஒரு பரிசோதனை உண்டு. ஒரு வயசுலயும் நீங்க வரல. நீங்க வர்ற வரைக்கும் நான் விட மாட்டேன், சொல்லிட்டேன்."

ஆள் விடாக்கண்டன் ரகம். இந்தத் தொல்லை ஒழிந்தால் போதும் என்று சனிக்கிழமை வாண்டுவைத் தூக்கிக்கொண்டு போனாள். வாண்டு என்பது வீட்டில் வைத்த பெயர். அட்டையில் இருந்த பெயரை நர்ஸ் கூப்பிட்டபோது பிள்ளை திரும்பியே பார்க்கவில்லை.

எடை, உயரம், கண், காது, பல். கடைசியாக விரல் நுனியில் ஒரு குத்து. வாண்டு ஊரையே கூட்டிவிட்டாள்.

"எத்தனை வார்த்தை பேசுவா?" என்று கேட்டாள் நர்ஸ்.

"அப்பா. தா. வேணாம்." யோசித்துப் பார்த்தாள், நான்காவது கிடைக்கவில்லை. "அவங்க அப்பாவும் அப்படித்தான் சிஸ்டர். வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்னு இருப்பார்."

நர்ஸ் சிரித்தாள். ஆனால் எதையோ எழுதிக்கொண்டாள். "அவர் என்ன வேலை பார்க்கிறார்?"

"கம்பெனியில."

பழைய வண்டி பேட்டரிகளை உடைத்துப் பிரிக்கும் தகரக் கொட்டகை அது. அதைக் கம்பெனி என்று சொல்லியே அவளுக்குப் பழகிவிட்டது. நர்ஸ் மேற்கொண்டு கேட்கவில்லை.

திங்கட்கிழமை போன் வந்தது. ரத்தத்தில் ஈயம் இருக்கிறதாம். விரலில் எடுத்தது சில நேரம் தப்பாகக் காட்டுமாம். நரம்பில் எடுத்து உறுதி செய்ய வேண்டுமாம்.

"ஈயம்னா? பழைய குழாயில இருக்குமே, அதுவா?"

"அதேதான். உடம்புக்குள்ள இருக்கவே கூடாத சரக்கு. மூளை வளர்ற வயசுல ரொம்பக் கெடுதல். பயப்படாதீங்க, நாளைக்கே வாங்க. எல்லாம் அட்டையிலயே பார்த்துக்கலாம்."

பயப்படாதே என்று சொன்ன பிறகு யார் சும்மா இருப்பார்கள்? ரத்தம் கொடுத்துவிட்டு வந்த இரண்டு நாளும் அவளால் தையல் கடையில் மிஷின் முன்னால் நிலையாக உட்கார முடியவில்லை. ஒரு சட்டைக்குக் கையை உள்பக்கம் வெளியாக வைத்துத் தைத்தாள். யாருடைய போன் அடித்தாலும் எழுந்தாள். வீட்டுக்கு வந்தால் சுவர்ச் சாயத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். சாயம் போட்ட பொம்மைகளை ஒரு பையில் கட்டி வெளியே வைத்தாள். சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீரையே முறைத்துக்கொண்டு நின்றாள்.

"விட்டா வீட்டையே தூக்கி வெளியில வச்சிடுவ போலிருக்கே" என்றான் கணவன். ஆனால் அவனும் நிலைகொள்ளாமல்தான் இருந்தான். வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "போன் வந்துச்சா?" என்பான். கேட்டுக்கொண்டே மகளை அள்ளித் தோளில் போட்டுக்கொள்வான்.

வியாழக்கிழமை போனுக்குப் பதிலாக நர்ஸே வந்துவிட்டாள்.

"பதினெட்டு" என்றாள். "அதிகம்தான். அஞ்சைத் தாண்டவே கூடாது. எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிச்சாகணும்."

ஜன்னல் விளிம்பைத் துணியால் துடைத்துப் பையில் போட்டாள். தண்ணீர் பிடித்தாள். பாத்திரங்களைத் திருப்பிப் பார்த்தாள். படுக்கைக்கு அடியில்கூட டார்ச் அடித்தாள். ஒன்றும் சிக்கவில்லை. தையல்காரி அவள் பின்னாலேயே அறை அறையாக நடந்தாள்.

அப்போதுதான் அவன் வந்தான். வாண்டு ஒரே ஓட்டமாக ஓடினாள். அவன் தூக்கியதும் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வழக்கம்போல அவன் காலரைச் சப்பத் தொடங்கினாள். சட்டை முழுக்கச் சாம்பல் நிறத் தூசி.

நர்ஸின் பேனா நின்றுவிட்டது. "நீங்க என்ன வேலை செய்றீங்க?"

"பேட்டரி பிரிக்கிறேங்க. பதினொரு வருஷமா." சொல்லும்போது அவன் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"பிள்ளையைக் கீழே இறக்குங்க."

அவனுக்குப் புரியவில்லை.

"பேட்டரிக்குள்ள இருக்கிறது ஈயம். அந்தத் தூசிதான் உங்க சட்டையில, தலைமுடியில, கையில. முதல்ல இறக்குங்க."

கொதிக்கிற பாத்திரத்தை வைப்பதுபோல மகளை இறக்கினான். அவள் மறுபடியும் இரண்டு கையையும் நீட்டினாள். அவன் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நான் தூக்கினதாலயா?"

"தெரியாம நடந்தது. உங்க மேல தப்பில்ல."

"நான் தூக்கினதாலதானே?"

தையல்காரி மகளை வாரி எடுத்துக்கொண்டாள். "நான்தான் கம்பெனின்னு சொன்னேன் சிஸ்டர். அன்னிக்கே சொல்லியிருந்தா..."

"அன்னிக்கு நானும் எந்தக் கம்பெனின்னு கேட்டிருக்கணும்" என்றாள் நர்ஸ்.

மறுநாளிலிருந்து அவன் கொல்லைப்புறக் குழாயடியில் குளித்து, உடை மாற்றிய பிறகுதான் வீட்டுக்குள் வந்தான். அந்தக் கால் மணி நேரமும் வாண்டு உள்ளே கதவைத் தட்டித் தட்டி அழுதாள். தையல்காரி வேலை உடுப்புகளைத் தனியாகத் துவைத்தாள். தரையை ஈரத்துணியால் துடைத்தாள், துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள்.

கொட்டகை முதலாளியிடம் போய் அவன் குளிக்க இடம் கேட்டான்.

"உனக்கு மட்டும் ராஜ மரியாதையா?" என்றார் முதலாளி.

கூட வேலை செய்தவர்களும் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தவன் சுத்தியல். எப்போதும் கையில் சுத்தியலோடு நிற்பதால் வந்த பெயர். "எனக்கு மூணு பிள்ளைங்க. கல்லைத் தின்னாலும் கரைச்சிடும்" என்றான்.

"அட்டை இருக்கா இல்லையா?" என்று கேட்டான் வாண்டுவின் அப்பா.

"இருக்கு."

"அப்ப ஒரு தடவை கூட்டிட்டு வா. ஒண்ணும் இல்லன்னா என்னைத் திட்டு. உன் வாயாலேயே திட்டு, வாங்கிக்கிறேன்."

வாய் திறக்காத மனிதன் ஒரு வாரம் தினமும் இதையே சொன்னான். கடைசியில் அவன் தொல்லை தாங்காமல்தான் சுத்தியல் மூன்று பிள்ளைகளையும் கூட்டி வந்தான். மூன்று பேருக்கும் ஈயம் இருந்தது. கடைக்குட்டிக்கு ஐம்பத்திரண்டு. அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வார்டு வாசலில் சுத்தியல் சுவரில் சாய்ந்து நின்றான். வாண்டுவின் அப்பா பக்கத்தில் நின்றான்.

பிறகு யாரும் சிரிக்கவில்லை. கொட்டகையில் வேலை செய்த எல்லோருடைய பிள்ளைகளையும் நர்ஸ் பட்டியல் போட்டாள். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே இரண்டு குளியலறையும், உடுப்பை வைக்க அலமாரியும் கட்டினார். வாண்டுவின் அப்பா அதற்குள் அந்த வேலையிலிருந்து நின்றுவிட்டான். ஒரு மரக்கடையில் பலகை ஏற்றி இறக்கும் வேலை கிடைத்தது. சுத்தியலின் கடைக்குட்டி இருபது நாள் கழித்து வீடு திரும்பினான்.

மூன்று மாதம் கழித்து வாண்டுவுக்கு மறுபடி ரத்தம் எடுத்தார்கள். பதினொன்று.

"இறங்குது. நல்லாவே இறங்குது" என்றாள் நர்ஸ். "பேச்சுப் பயிற்சிக்கு வாரம் ஒரு நாள் வரணும். அதுவும் அட்டையிலதான்."

"எல்லாம் சரியாயிடுமா?"

"எல்லாம்னு என்னால சொல்ல முடியாது. சில பிள்ளைங்க எட்டிப் பிடிச்சிடுறாங்க. பார்த்துக்கிட்டே இருக்கணும்."

"ஒரு வயசுலயே கூட்டிட்டு வந்திருந்தா?"

நர்ஸ் நோட்டைத் திருப்பித் தேதி பார்த்தாள். பிறகு, "அந்தக் கணக்கைப் போடாதீங்க. அடுத்த வாரம் புதன்கிழமை, பத்து மணி. மறக்காதீங்க" என்றாள்.

புதன்கிழமை ஒன்பது மணிக்கே வந்துவிட்டார்கள். பயிற்சி அறையின் கதவு மூடியிருந்தது. அவன் நடைக்கூடத்தில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாக நடந்தான். அவள் உட்கார்ந்தாள், எழுந்தாள், பெஞ்சின் மறு நுனிக்கு மாறி உட்கார்ந்தாள். வாண்டு தரையில் குந்தி, கதவுக்கு அடியில் இருந்த இடுக்கு வழியாக உள்ளே யார் கால் தெரிகிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.